நாற்பதைக் கடந்த பெண்ணின் களைப்பு

(அலுவலர்களும் முதுநிலை மாணவர்களும் பங்கேற்ற பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

இந்தியாவில் பெண் ஒருத்தி நாற்பத்தைந்து வயதை நெருங்கும்பொழுது அரசின் புள்ளிவிவரங்களிலிருந்து மெல்ல மறையத் தொடங்குகிறாள். தேசியக் குடும்பநல ஆய்வு 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களை ஆராய்கிறது. ஐம்பதாவது வயதில் அவளை விட்டுவிடுகிறது. முதுமையடைவோர் பற்றிய இந்திய நீண்டகால ஆய்வின் முதற்சுற்று 2017-18-இல் நடைபெற்றது. அது 45 வயதில் தொடங்கி மேலே செல்கிறது. அதன் நோக்கம் முதுமை. முதல் ஆய்வுக்கு அவள் பிள்ளைப்பேற்றின் இறுதி வரிசையில் நிற்பவள். இரண்டாவது ஆய்வுக்கு முதுமையின் முதல் வரிசையில் நிற்பவள். இரண்டுக்கும் இடையே அவளுடைய உடலில் நிகழும் பெரும் மாறுதலைத் தனக்கென ஒரு பொருளாகக் கொண்ட நாடு தழுவிய திட்டம் நம்மிடம் இல்லை.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. குடும்பக் கட்டுப்பாட்டை நாட்டுத் திட்டமாக 1952-இல் முதன்முதலில் ஏற்றுக்கொண்ட நாடு இந்தியா. அன்று முதல் சுகாதாரத் துறையின் பார்வையில் பெண் என்பவள் கருத்தரிக்கக்கூடியவள், கருவுற்றவள், பாலூட்டுபவள் என்றே பகுக்கப்பட்டு வந்திருக்கிறாள். 2013-இல் வகுக்கப்பட்ட விரிவான திட்ட அணுகுமுறையும் இனப்பெருக்கம், தாய்மை, பச்சிளங்குழந்தை, குழந்தை, வளரிளம் பருவம் என்னும் ஐந்து தலைப்புகளின்கீழ் அமைந்தது. இவை ஒவ்வொன்றாலும் உயிர்கள் காக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் நாற்பத்தாறு வயதுப் பெண் துணைச் சுகாதார நிலையத்திற்கு வந்து, 'உடம்பு ஓய்ந்து போகிறது, இரவில் உறக்கமில்லை, மாதவிடாய் கணக்குத் தவறி மிகுதியாகப் போகிறது' என்று கூறினால், அதைப் பதிவதற்கென ஏட்டில் தனிப் பத்தி கிடையாது.

உடலில் நிகழ்வது என்ன?

மாதவிடாய் முற்றிலும் நின்றுவிட்டது என்று மருத்துவர் கூறுவதற்குத் தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் போக்கு இல்லாதிருக்க வேண்டும். அதற்கு முந்தைய சில ஆண்டுகளே இவ்வுரையின் பொருள். மாதவிடாய் நிற்குமுன் வரும் இந்த இடைப்பருவம் சராசரியாக நான்கு ஆண்டுகள் நீடிக்கிறது. சிலருக்குச் சில மாதங்களிலேயே முடிகிறது, சிலருக்கு எட்டு ஆண்டுகள்கூட நீள்கிறது. மேலை நாடுகளில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது ஏறக்குறைய 51. இந்தியப் பெண்களுக்கு அது 46 அல்லது 47. ஆகவே இங்கே இடைப்பருவம் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. கடைசிக் குழந்தை பள்ளியிலும், மாமியார் படுக்கையிலும், மூத்த மகளின் திருமணம் பேச்சுவார்த்தையிலும் இருக்கும் காலம் அது.

பெண் குழந்தை பிறக்கும்பொழுது சூலகங்களில் பத்து முதல் இருபது லட்சம் முட்டைப்பைகள் இருக்கின்றன. பருவமடையும்பொழுது அவை மூன்று, நான்கு லட்சமாகக் குறைகின்றன. மாதவிடாய் நிற்கும் தருவாயில் ஏறக்குறைய ஆயிரமே எஞ்சியிருக்கும். இருப்பு குறையக் குறைய, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, சூலகத்தைத் தூண்டும் ஹார்மோனை மேலும் மேலும் அனுப்புகிறது. வேலையாட்கள் குறைந்த தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் குரலை உயர்த்துவது போன்றது இது. சூலகம் சில மாதங்களில் அதற்கு மிகையாகப் பணிந்து வழக்கத்தைவிட அதிக ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. சில மாதங்களில் பேசாமல் இருந்துவிடுகிறது.

ஈஸ்ட்ரோஜன் படிப்படியாக வற்றுகிறது என்று பொதுவாக எண்ணப்படுவது சரியன்று. இடைப்பருவத்தில் அது வற்றுவதைவிட ஏறி இறங்குவதே அதிகம். முதலில் குறைவது புரோஜெஸ்டிரோன். முட்டை வெளிப்படாத மாதங்களில் இந்த ஹார்மோன் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜனால் தடித்த கருப்பையின் உட்படலம், அதைச் சீராக்கும் புரோஜெஸ்டிரோன் இன்மையால் காலந்தவறி, மிகுதியாக உதிர்கிறது. நாற்பதுகளில் உதிரப்போக்கு மிகுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். நார்க்கட்டி முதலிய வேறு காரணங்களும் உண்டு. 45 வயதுக்கு மேல் போக்கு மாறுபட்டால் உட்படலத்தையும் பரிசோதிக்க வேண்டும், புற்றுநோய் இல்லை என உறுதி செய்வதற்காக. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் உதிரம் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

மூளையில் உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் பகுதியும் ஈஸ்ட்ரோஜனின் ஏற்ற இறக்கத்தால் நிலைகுலைகிறது. வெப்பத்தில் சிறு மாறுதல் நேர்ந்தாலும் உடல் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு, மார்பிலிருந்து முகம்வரை திடீரெனக் கனன்று வியர்க்கிறது. இரவில் இது இரண்டு மூன்று முறை நேர்ந்தால் உறக்கம் துண்டுபட்டுப் போகிறது. எரிச்சல், மறதி, மனச்சோர்வு ஆகியவற்றில் ஒரு பங்கு நேரடியாக ஹார்மோன் மாறுதலால் வருவது. மற்றொரு பங்கு உறக்கமின்மையால் வருவது. மறதி பற்றி அஞ்சும் பெண்கள் பலர். பெரும்பாலோருக்கு அது பின்னர் சீர்படுகிறது.

களைப்பின் வரவு செலவு

இந்தியப் பெண்ணின் களைப்பை ஹார்மோன் தலையில் மட்டும் சுமத்துவது பிழை. மேலைநாட்டு நூல்களைப் படித்துவிட்டுப் பேசுவோர் இப்பிழையைச் செய்கின்றனர். இங்கே அதனோடு சேர்ந்து வேலை செய்வது இரும்புச்சத்துக் குறைவு. 2015-16-இல் நடந்த நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.1 சதவீதத்தினர் இரத்தசோகை உடையோர் எனக் கண்டறியப்பட்டது. 2019-21-இல் நடந்த ஐந்தாவது ஆய்வில் இது 57 சதவீதமாக உயர்ந்தது. அளவிடும் முறை பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இரத்தசோகை பரவலாக உள்ளது என்பதில் ஐயமில்லை.

பொருளாதார மாணவர்களுக்குப் பழக்கமான வரவு செலவுக் கணக்காகவே இதைப் பார்க்கலாம். நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராம் ஹீமோகுளோபின் உள்ள பெண்ணுக்கு, அதாவது இரத்தசோகையின் எல்லைக்கோட்டில் நிற்பவளுக்கு, ஒரு மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறினால் ஏறக்குறைய 0.4 மில்லிகிராம் இரும்பு போகிறது. சாதாரண மாதவிடாயில் 40 மி.லி. இழப்பு என்று கொண்டால் மாதத்திற்கு 16 மில்லிகிராம். நாளொன்றுக்கு அரை மில்லிகிராம். இடைப்பருவத்தில் போக்கு மும்மடங்காகி 120 மி.லி. ஆனால் நாளொன்றுக்கு 1.6 மில்லிகிராம். தோல், குடல் வழியாக எல்லோருக்கும் அன்றாடம் நேரும் இழப்பு 0.8 மில்லிகிராம் அளவு. ஆக மொத்தச் செலவு 2.4 மில்லிகிராம்.

இனி வரவு. தானியமும் பருப்பும் மிகுந்த நம் உணவிலிருந்து உடல் ஈர்க்கும் இரும்பு நூற்றுக்கு எட்டுப் பங்கு என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெண்களுக்குக் கொள்ளும் கணக்கு. ஒரு நாள் உணவில் 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு இருந்தால் உடலில் சேர்வது 1.2 முதல் 1.6 மில்லிகிராம். நாள்தோறும் 0.8 முதல் 1.2 மில்லிகிராம் வரை பற்றாக்குறை. நல்ல உடல்நலமுள்ள பெண்ணின் சேமிப்பு 300 மில்லிகிராம் என்று தாராளமாகக் கொண்டாலும், ஏறக்குறைய ஓராண்டில் அது தீர்ந்துவிடும். மூன்று பிள்ளை பெற்ற கிராமப்புறப் பெண்ணிடம் அந்தச் சேமிப்பு தொடக்கத்திலேயே இருப்பதில்லை. அவள் முதல் மாதத்திலிருந்தே கடனில் வாழ்கிறாள். படி ஏறினால் மூச்சு வாங்குவதும், பிற்பகலில் கண் இருள்வதும், எடுத்த குடத்தை இறக்கி வைப்பதும் அந்தக் கடனின் வட்டி.

தைராய்டு சுரப்பியின் குறைபாடும் இதே வயதில், இதே அறிகுறிகளோடு வருகிறது. எட்டு இந்திய நகரங்களில் வயதுவந்தோரிடையே நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வொன்றில் ஏறக்குறைய 11 சதவீதத்தினருக்குத் தைராய்டுக் குறைபாடு இருப்பது தெரிந்தது. ஆண்களைவிடப் பெண்களிடமே அது அதிகம். நீரிழிவு, வைட்டமின் டி மற்றும் பி-12 குறைவு ஆகியவையும் களைப்பைத் தருபவையே. ஆகவே நாற்பதுகளில் ஒரு பெண் களைப்பு என்று வந்தால் முதலில் வேண்டியது ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் சோதனை. 45 வயதைக் கடந்தவளிடம் சூலக ஹார்மோனை அளந்து பார்க்கத் தேவையில்லை. ஏறி இறங்கும் ஹார்மோனை ஒருநாள் அளந்து பயனுமில்லை. மாதவிடாய் நாட்களைக் குறித்து வைத்த நாட்காட்டியே அந்தச் சோதனையைவிட அதிகம் கூறும். அடுத்தடுத்த சுழற்சிகளுக்கிடையே ஏழு நாளோ அதற்கு மேலோ வேறுபாடு நிலைத்துவிட்டால் இடைப்பருவம் தொடங்கிவிட்டது. அறுபது நாட்கள் போக்கின்றிக் கழிந்தால் அதன் பிற்பகுதி வந்துவிட்டது.

ஓய்வு கொள் என்று கூறுவது எளிது. 2024-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடங்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். இவ்வேலையில் ஈடுபடும் ஆண்களே நூற்றுக்கு 27 பேர்தாம். நோயாளியையும் குழந்தையையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேரவில்லை. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பார்த்தால், 'பகலில் சிறிது உறங்குங்கள்' என்னும் மருத்துவ அறிவுரை யாருக்காக எழுதப்பட்டது என்னும் ஐயம் எழுவது இயல்பு.

பீட் மாவட்டம் கற்பித்த பாடம்

உடலின் இந்த மாறுதலை அரசு கண்டுகொள்ளாத இடத்தில் வேறொருவர் கண்டுகொள்கிறார். மகாராஷ்டிரத்தின் மராத்வாடாப் பகுதியிலுள்ள பீட் மாவட்டத்தில் நிகழ்ந்ததை அலுவலர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

வானம் பார்த்த அம்மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் தீபாவளியை ஒட்டி லட்சக்கணக்கானோர் கரும்பு வெட்ட மேற்கு மகாராஷ்டிரத்திற்கும் கர்நாடகத்திற்கும் செல்கின்றனர். கோடையின் தொடக்கத்தில் திரும்புகின்றனர். கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் அலகு. அதற்குக் 'கோய்த்தா' என்று பெயர். அரிவாள் என்பது அதன் பொருள். முக்காதம் எனப்படும் ஒப்பந்தக்காரர் பருவத்திற்கு முன்பே அந்த அலகுக்கு முன்பணம் தருகிறார். வெட்டிய கரும்பின் எடைக்கேற்பக் கணக்குத் தீர்க்கப்படுகிறது. இருவரில் ஒருவர் ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். 2019-இல் வெளியான செய்திகளின்படி அது நாளொன்றுக்கு 500 ரூபாய் அளவுக்குப் போயிற்று. விடியுமுன் தொடங்கும் வேலை. வயலோரத்துக் குடிசையில் கழிப்பறையோ போதிய நீரோ கிடையாது.

இந்த ஏற்பாட்டில் மாதவிடாய் என்பது ஒரு செலவு. மிகுதியான போக்கோ வலியோ உள்ள பெண்ணுக்கு மாதத்தில் இரண்டு மூன்று நாட்கள் வேலைக்குச் செல்ல இயலாது; அந்த நாட்களின் கூலி போவதோடு அபராதமும் கடனில் ஏறுகிறது. தனியார் மருத்துவமனைக்குச் சென்றால் கருப்பையை எடுத்துவிடுவதே தீர்வு என்று கூறப்பட்டது. எடுக்காவிட்டால் புற்றுநோய் வரும் என அச்சுறுத்தப்பட்டதாகவும் பெண்கள் கூறினர். அறுவைச் சிகிச்சைக்கான பணமும் பெரும்பாலும் கடனாகவே வந்தது. தொகையைத் திருப்பிச் செலுத்த அதே பெண் மீண்டும் கரும்பு வயலுக்குச் செல்ல வேண்டியவளானாள்.

2019-இல் செய்தி வெளியாகி நாடே அதிர்ந்தபொழுது, மகாராஷ்டிர அரசு சட்டமேலவைத் துணைத்தலைவர் நீலம் கோர்ஹே தலைமையில் குழு ஒன்றை அமைத்தது. பீட் மாவட்டத்தில் விசாரிக்கப்பட்ட 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கரும்பு வெட்டும் பெண்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கருப்பை நீக்கப்பட்டவர்கள் எனத் தெரிந்தது. அதாவது ஆறில் ஒருவர். நாடு முழுவதற்குமான குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களிடையே இந்த விகிதம் ஏறக்குறைய 3 சதவீதம். இரண்டு கணக்குகளின் வயது வரம்பும் முறையும் ஒன்றல்ல; எனினும் இவ்வளவு பெரிய இடைவெளியை வயது வரம்பு மட்டும் விளக்கிவிடாது.

பீட் மட்டுமே விதிவிலக்கு என்று கருதுவதற்கும் இடமில்லை. ஆந்திரப் பிரதேசத்திலும் தெலங்கானாவிலும் இவ்விகிதம் நாட்டுச் சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். நாடு முழுவதிலும் இவ்வறுவைச் சிகிச்சை செய்துகொண்டோரின் இடைநிலை வயது முப்பதுகளின் நடுப்பகுதி. காரணமாகப் பாதிக்கு மேற்பட்டோர் கூறியது மிகுதியான உதிரப்போக்கு அல்லது வலி. மூன்றில் இரண்டு பங்கு அளவிலான சிகிச்சைகள் தனியார் மருத்துவமனைகளில் நடைபெற்றவை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்த தேவையற்ற அறுவைச் சிகிச்சைகள் பற்றிய பொதுநல வழக்கில், 2023 ஏப்ரல் 5 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வகுத்த வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று அது ஆணையிட்டது. மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு அமைய வேண்டும் என்பது அந்நெறிகளுள் ஒன்று.

இதில் மருத்துவ முறையில் ஒரு கொடிய முரண்பாடு உண்டு. களைப்பு தீரும் என்று எண்ணியே அப்பெண் அறுவைச் சிகிச்சைக்கு உடன்பட்டாள். கருப்பையோடு சூலகங்களும் எடுக்கப்பட்டால், இயற்கை நாற்பதுகளில் நான்கைந்து ஆண்டுகளாகப் பகிர்ந்து தருவதை அறுவைக்கத்தி ஒரே நாளில் தந்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கவில்லை, ஒரேயடியாக நின்றுவிடுகிறது. உடல் கனலும் வியர்வையும் உறக்கமின்மையும் கடுமையாக வருகின்றன. எலும்பின் அடர்த்தி விரைந்து குறைகிறது. இதயநோய்க்கான வாய்ப்பு மிகுகிறது. சூலகங்களை விட்டுவைத்தாலும் அவை இயல்பைவிடச் சற்று முன்னதாகவே ஓய்ந்துவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. முப்பத்தைந்து வயதில் கருப்பை இழந்தவள் நாற்பது வயதில் முதுகுவலியோடும் மூட்டுவலியோடும் கரும்புக்கட்டைத் தலையில் ஏற்றுகிறாள். கருப்பை நீக்கம் தேவையே இல்லை என்பதன்று; புற்றுநோய்க்கும், வேறு வழியில் கட்டுப்படாத நார்க்கட்டிக்கும் அது உயிர்காக்கும் சிகிச்சை. கடைசிப் படியாக இருக்க வேண்டியது முதற்படியாக வைக்கப்பட்டது என்பதே குறை.

முந்தைய படிகள் எவை?

அவை அரிதானவையும் அல்ல, அதிகச் செலவு பிடிப்பவையும் அல்ல. டிரானெக்ஸாமிக் அமிலம் என்னும் மாத்திரையைப் போக்கு மிகுந்த நாட்களில் மட்டும் உட்கொண்டால் இழப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. இரத்தக்குழாயில் உறைகட்டி ஏற்பட்டவர்களுக்கு இது ஆகாது. புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரைகள் உட்படலத்தைச் சீராக்குகின்றன. லெவோநார்ஜெஸ்ட்ரல் சுரக்கும் கருப்பை வளையம் பல ஆண்டுகள் போக்கைக் கட்டுப்படுத்துகிறது. அது கருத்தடைச் சாதனமாகவும் பயன்படுவது இவ்வயதினருக்குக் கூடுதல் நன்மை. ஏனெனில் மாதவிடாய் தவறிவிட்டதால் இனிக் கருத்தரிக்காது என்று நம்பி ஏமாந்தோர் உண்டு. ஐம்பது வயதுக்கு முன் மாதவிடாய் நின்றால் இரண்டு ஆண்டுகளும், அதற்குப்பின் நின்றால் ஓராண்டும் கருத்தடையைத் தொடர வேண்டும் என்பது மருத்துவ நெறி.

இரும்பு மாத்திரை துணைச் சுகாதார நிலையங்களில் வழங்கப்படுகிறது. 2018-இல் தொடங்கிய இரத்தசோகை ஒழிப்பு இயக்கம் அதற்கு வழி செய்தது. ஆனால் மாத்திரை கையில் சேர்வதும் உடலில் சேர்வதும் வேறு வேறு. தேநீருடன் விழுங்கினால் பெரும்பகுதி வீணாகிறது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ உடனிருந்தால் ஈர்ப்பு மிகுகிறது. வயிறு எரிகிறது, மலம் கருக்கிறது என்று ஒரு வாரத்தில் நிறுத்திவிடுவோரே பலர். கருப்பது இயல்பு என்று முன்கூட்டியே ஒரு சொல் சொல்லியிருந்தால் பாதிப்பேர் தொடர்ந்திருப்பர் என்பது களத்தில் பணியாற்றும் செவிலியர் பலரின் அனுபவம். ஹீமோகுளோபின் உயர்ந்தபிறகும் மூன்று மாதங்கள் தொடர்ந்தால்தான் சேமிப்பு நிரம்பும். மராத்வாடாவின் கம்பு பாக்ரியில் நூறு கிராம் மாவுக்கு ஆறு மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உண்டு. கேழ்வரகில் சுண்ணச்சத்து மிகுதி. பொதுவிநியோகக் கடைகளில் சிறுதானியங்கள் வழங்கப்படும் இடங்களில் அவை பெரும்பாலும் பள்ளிக்குழந்தைகளையே எண்ணி விளம்பரப்படுத்தப்படுகின்றன. குழந்தையின் தட்டில் இட்டபின் தாய்க்கு மிஞ்சுவது எவ்வளவு என்று எவரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை.

ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை பற்றிச் சிறிது கூறியாக வேண்டும். 2002-இல் அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடைபெற்று வந்த பெரிய ஆய்வொன்றின் ஒரு பகுதி, மார்பகப் புற்றுநோய், இதயநோய் ஆகியவற்றின் வாய்ப்பு மிகுவதாகக் கண்டு இடையில் நிறுத்தப்பட்டது. உலகெங்கும் பெண்களும் மருத்துவர்களும் அச்சிகிச்சையைக் கைவிட்டனர். அந்த ஆய்வில் பங்கேற்றோரின் சராசரி வயது 63 என்பதைக் கவனித்தோர் அன்று சிலரே. பின்னர் வயதுவாரியாக ஆராய்ந்தபொழுது, அறுபது வயதுக்குட்பட்டவர்கள் அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்குள் உள்ளவர்களில் கடுமையான தொல்லை உடையோருக்குப் பெரும்பாலும் நன்மையே மிகுதி என்பது தெளிவாயிற்று. மார்பகப் புற்றுநோய், இரத்த உறைகட்டி, கல்லீரல் நோய், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. கருப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியே தரலாகாது, புரோஜெஸ்டிரோன் வகையையும் சேர்த்தே தர வேண்டும். ஆகவே இது கடையில் கேட்டு வாங்கும் மருந்தன்று. சூலகங்களை இளவயதில் இழந்தவர்களுக்கோ, தகுந்த தடையேதும் இல்லாவிட்டால், இயல்பான வயது வரையிலேனும் இச்சிகிச்சை தேவைப்படுகிறது. பீட் மாவட்டத்துப் பெண்களில் எத்தனை பேருக்கு இது கூறப்பட்டிருக்கும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

அலுவலகமும் வயலும்

மத்திய அரசின் பெண் ஊழியருக்குப் பேறுகால விடுமுறை உண்டு. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பேண 730 நாட்கள் விடுமுறை உண்டு. நாற்பத்தேழு வயதில் இரண்டும் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. பொறுப்பு மிகுந்த பதவியும், இடமாறுதலும், பதவி உயர்வுக்கான மதிப்பீடும் அதே காலத்தில்தான் வருகின்றன. கூட்டத்தின் நடுவே முகம் கனன்று வியர்க்கும் பெண் அலுவலரைப் பார்த்துப் பதற்றக்காரர் என்று குறிப்பெழுதியவர்கள் இல்லாமலில்லை. தனி விடுமுறை வேண்டுமா என்பதில் இரு கருத்துகள் உள்ளன. விடுமுறை தந்தால் பெண்ணை வேலைக்கு எடுக்கவே தயங்குவர் என்னும் வாதத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. காற்றோட்டமுள்ள இருக்கை, அருகில் கழிப்பறை, நேரத்தில் சிறிது நெகிழ்வு ஆகியவற்றுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை, செலவும் பெரிதன்று.

வேலையில் ஈடுபடும் அல்லது வேலை தேடும் பெண்களின் பங்கு 2017-18-இல் 23.3 சதவீதமாக இருந்து 2023-24-இல் 41.7 சதவீதமாக உயர்ந்திருக்கிறது எனத் தொழிலாளர் ஆய்வு காட்டுகிறது. இவ்வுயர்வில் பெரும்பங்கு கிராமப்புறத்தினுடையது. அவர்களில் மிகப் பலர் சொந்த நிலத்திலோ சிறுதொழிலிலோ உழைப்பவர்கள். அவர்களுக்கு விடுமுறைச் சட்டம் எட்டாது. அவர்களை எட்டக்கூடியவை இரண்டு. ஒன்று, முப்பது வயதைக் கடந்த அனைவருக்கும் இரத்த அழுத்தம், நீரிழிவு, வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்காக ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்களில் நடைபெறும் சோதனை. அங்கே வரும் நாற்பது வயதுப் பெண்ணிடம் மாதவிடாய் பற்றியும் உறக்கம் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்டு, ஹீமோகுளோபினையும் பார்த்துவிடப் புதிய துறையோ புதிய பணியிடமோ வேண்டியதில்லை. ஆஷா பணியாளருக்குப் பயிற்சியில் ஒரு நாள் கூட்டினால் போதும். அப்பணியாளர்களில் கணிசமானோர் தாமே இவ்வயதினர் என்பதால் பாடம் விரைவில் ஏறும்.

மற்றொன்று, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோடு அறிவிக்கப்பட்ட ஏற்பாடு. நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச மருத்துவச் சோதனை என்பது அது. சோதனையில் எவை அடங்கும் என்று முடிவு செய்யும் அலுவலரின் மேசையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பட்டியல் வைக்கப்படக்கூடும். பெண்ணின் பட்டியலில் ஹீமோகுளோபினும் தைராய்டும் மாதவிடாய் வரலாறும் இடம்பெறுவது அங்கே ஒருவர் கேட்பதைப் பொறுத்தது.

கரும்பு வெட்டுவோரைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கல் உண்டு. முக்காதம் கூலி கொடுக்கிறார், ஆலை கரும்பைப் பெறுகிறது, நிலம் வேறொருவருடையது. சோதனைக்குரிய செலவை ஏற்கும் முதலாளி யார் என்பதே வழக்காகிவிடலாம். பருவம் தொடங்கியபின் அவர்களைத் தேடிப் பிடிப்பதும் எளிதன்று; ஒரு வயலில் பத்து நாள், அடுத்த வயலில் பத்து நாள். தீபாவளிக்கு முந்தைய ஆவணி, புரட்டாசி மாதங்களில் அவர்கள் சொந்த ஊரில் இருக்கின்றனர். போக்கு மிகுந்தவளுக்கு மூன்று மாத இரும்பு மாத்திரையும் டிரானெக்ஸாமிக் மாத்திரையும் கொடுத்து அனுப்ப அதுவே நேரம். முக்காதத்தின் முன்பணம் ஊருக்குள் வருவதற்கு முன்பே செவிலியர் அந்த வீட்டுக்குச் சென்றிருக்க வேண்டும்.